நான் கிட்னியாக இருந்த பஸ்

கம்பெனி பஸ்ஸில் தூங்கியவர்கள் உண்டு, சீட்டு ஆடியவர்கள் உண்டு, காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. ஆனால் ஒரு பஸ்ஸையே மனப்பாடம் செய்து டாக்டராகிவிடப் பார்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் டாக்டரம்மா.

அவருக்குப் பெயர் வேறு இருந்தது. அக்கவுண்ட்ஸ் குமாஸ்தாவான நானே அதைச் சம்பளச் சீட்டில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். திருமழிசையில் எங்கள் கம்பெனியில் வால்வுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலை. நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். பிளஸ் டூவில் உயிரியல் படித்து நல்ல மார்க் வாங்கியவர். ரிசல்ட் வந்த சூட்டோடு கல்யாணமும் வந்துவிட்டது. நீட் எழுத வயது வரம்பு கிடையாது என்று யாரோ பஸ்ஸில் பேசியதைக் கேட்ட மறுநாளே பழைய பாடப்புத்தகக் கட்டோடு ஏறினாராம்.

நான் விருதுநகரிலிருந்து வந்து திருமுல்லைவாயிலில் வீடு பார்த்துக் குடியேறிய புதிது. முதல் நாள் பஸ்ஸில் ஏறி, காலியாக இருந்த ஒரு ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தேன். டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடியின் மேல், எங்கள் எல்லோரையும் பார்த்தபடி ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"சார், நாளைக்கும் அங்கியே குந்துவீங்களா?" என்று கேட்டார்.

ஊருக்குப் புதிதாக வந்தவனை எவ்வளவு அன்பாக விசாரிக்கிறார் என்று எண்ணி, "உட்காருவேம்மா" என்றேன்.

"அப்ப நீங்க கிட்னி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

பக்கத்தில் இருந்த ஸ்டோர் கீப்பர்தான் விளக்கினார். அந்த பஸ்ஸில் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு பாடம். உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்தால் பாடம் வரிசையாக ஞாபகத்துக்கு வரும். முன் வரிசை முழுக்க விலங்குகள், நடுவில் மனித உடல், கடைசி வரிசைகள் தாவர உலகம். "நான் இதயம் சார்" என்று ஸ்டோர் கீப்பர் மார்பைத் தட்டிக்கொண்டார். அந்தப் பதவி வந்த பிறகு அவர் யாருக்கும் ஒரு நட்டு போல்ட்டுகூட உடனே எடுத்துக் கொடுத்ததில்லை.

கள்ளிக்குப்பத்தில் பஸ் கிளம்பியதும் டாக்டரம்மா முன் வரிசையிலிருந்து ஆரம்பிப்பார். ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்து உதட்டை அசைப்பார். புதிதாக வருபவர்கள் தங்களுக்கு யாரோ சாபம் கொடுக்கிறார்கள் என்று மிரண்டுபோவார்கள். ஆவடி வருவதற்குள் விலங்குகள் முடிய வேண்டும், பூந்தமல்லிக்குள் மனித உடல் முடிய வேண்டும். அதற்குள் நான் தூங்கித் தலை சாய்ந்துவிட்டால் அங்கிருந்தே குரல் வரும்.

"சார், தலைய தூக்குங்க. கிட்னில நெஃப்ரான் மறைக்குது."

டிரைவரை மட்டும் இயற்பியலுக்கு ஒதுக்கியிருந்தார். பிரேக் போட்டால் நிலைமம், வளைத்தால் மையநோக்கு விசை. பருத்திப்பட்டுப் பக்கம் ஒருநாள் மாட்டுக்காக அவர் சடாரென்று பிரேக் அடிக்க, நாங்கள் எல்லோரும் முன் இருக்கையில் மூக்கை இடித்துக்கொண்டோம். "இன்னாய்யா ஓட்டற?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "நான் இன்னா பண்ணேன்? நிலைமம்பா" என்றார் டிரைவர்.

படிப்பதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் நாள் பூரா குந்தறதே இங்க மட்டும்தான் சார். ஊட்ல சோறு, தண்ணி, மாமியாருக்கு மாத்திர, பசங்களுக்கு டப்பா. கம்பெனில நின்னுகினே வேல. எங்க பொஸ்தகத்த பிரிக்க?"

"வீட்டு ஆட்களுக்கும் இப்படிப் பாடம் கொடுத்துப் பார்க்கலாமே?"

"ஊட்ல எவன் சார் ஒரே எடத்துல குந்தறான்? எங்க ஊட்டுக்காரருக்கு நுரையீரல் குடுத்துப் பாத்தேன். பால் வாங்கப் போனவரு தெரு தெருவா சுத்திகினு வந்தாரு. எனக்கு மூச்சே நின்னுபோச்சு."

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஆபத்து இருந்தது. யாரும் இடம் மாறக் கூடாது. ஒருநாள் பேக்கிங் பெண்கள் இருவர், பேச்சு சுவாரசியத்தில், முன்னும் பின்னுமாக மாறி உட்கார்ந்துவிட்டார்கள். அன்று மாதிரித் தேர்வில் டாக்டரம்மா தவளைக்கு இலைத்துளை உண்டு என்று எழுதிவிட்டார். அதன் பிறகு நாங்கள் தாலி கட்டியதுபோல அவரவர் இருக்கையோடு வாழ்ந்தோம்.

எங்கள் மனிதவள மேலாளர் காரில் வருகிறவர். கார் ரிப்பேராகி ஒருநாள் பஸ்ஸில் ஏறியவர், அதிலேயே தொடர்ந்து வர ஆரம்பித்தார். அப்போது காலியாக இருந்தது வைரஸ் மட்டும்தான். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"வேற எதாவது குடும்மா. ஒரு எலும்பு, நரம்பு..."

"எல்லாம் ஆளு வந்தாச்சு சார். வைரஸு நல்ல பாடம் சார். அது உயிருள்ளதா இல்லாததான்னு பெரிய பெரிய ஆளுங்களுக்கே சந்தேகம்."

அந்தச் சந்தேகம் அவரைப் பற்றி ஆபீஸில் எங்களுக்கும் வெகுகாலமாக இருந்தது.

முதல் முறை தேர்வில் டாக்டரம்மா தேறவில்லை. அதன் பிறகு அவர் கணவர் ஒரு நிபந்தனை போட்டார். இன்னும் ஒரே ஒரு தடவை. அதிலும் பாஸ் இல்லையென்றால் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்கு. இதை எங்களிடம் சொன்னபோதுதான் டாக்டரம்மாவின் குரல் இறங்கி நான் முதன்முதலாகக் கேட்டேன்.

தேர்வுக்கு முந்தைய வாரம் வந்தது வினை. பழைய பஸ் தகுதிச் சான்று வாங்க எஃப்.சி.க்குப் போய்விட்டது. கான்ட்ராக்டர் அனுப்பிய மாற்று பஸ் சின்னது. பழையதில் ஒரு பக்கம் மூன்று பேர் உட்காருவோம். இதில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இருக்கைதான். பின் வரிசைகள் பாதியைக் காணோம். இன்ஜின் மூடியும் இல்லை. டாக்டரம்மா படியில் நின்று உள்ளே பார்த்தார்.

"எல்லாம் போச்சு" என்றார். அழவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

முதலில் நகர்ந்தது இதயம். ஸ்டோர் கீப்பர் இரண்டு பேர் இருக்கையில் என்னையும் கல்லீரலையும் நெருக்கித் தள்ளி மூன்றாவதாக உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் அப்படியே பழைய வரிசைப்படி மூன்று மூன்றாக நெருக்கிக்கொண்டார்கள். இடம் கிடைக்காத தாவர உலகம் முழுக்க, பழைய ஒழுங்கு மாறாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவழியில் நின்றது. மேலாளர் யாரும் கேட்காமலே வைரஸின் இடத்தில் போய்ப் பாதித் தொடையில் உட்கார்ந்தார். டாக்டரம்மா டிரைவர் பக்கத்துக் கம்பியைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி நின்றார். உதடுகள் அசைய ஆரம்பித்தன.

அந்த வாரம் ஒருவரும் லீவு போடவில்லை. தண்டுவடம் காய்ச்சலோடு வந்தது. எனக்கோ ஊரில் மச்சினன் கல்யாணம். வர முடியாது என்றதும் என் மனைவி வெகுண்டாள். "ஒரு கிட்னி இல்லாட்டியும் மனுஷன் உயிரோட இருப்பான்னு உங்க டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். "அது மனுஷனுக்கு சார். பரிச்சைக்கு ரெண்டும் வேணும்" என்றார். மனைவி தனியாகப் போய்விட்டு வந்தாள். அந்தக் கல்யாண ஆல்பத்தில் நான் இல்லாததைப் பற்றி இன்றும் வீட்டில் பேச்சு வருகிறது.

ஞாயிறு தேர்வு முடிந்து திங்களன்று பஸ்ஸில் ஏறியவரை எல்லோரும் சூழ்ந்துகொண்டோம்.

"கண்ண மூடிகினேன். வண்டி கள்ளிக்குப்பத்துல கெளம்பிச்சு. எல்லாரும் வந்தீங்க. வைரஸு கூட வந்துச்சு" என்றார். மேலாளர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது.

அடுத்த மாதம் ரிசல்ட் வந்தது. டாக்டரம்மா பாஸ். கல்லூரியில் இடம் வாங்கும் அளவுக்கு மார்க் இல்லை, ஆனால் பாஸ். மறுநாள் காலை கள்ளிக்குப்பம் நிறுத்தத்தில் அவர் கணவர் தூக்கு நிறையக் கேசரியோடு நின்றார். பஸ்ஸுக்குள் ஏறி, "இதுல மண்புழு யாருப்பா? கிட்னி சார் யாரு?" என்று விசாரித்து விசாரித்துக் கொடுத்தார். எங்களை அவருக்கு அந்தப் பெயர்களில்தான் தெரியும்.

"புத்தகம் பேப்பர் கடைக்கா?" என்றேன்.

"அதான் பாஸ் ஆயிட்டா இல்ல சார். இன்னும் நல்ல மார்க்குக்குப் படிக்கட்டும். எங்கம்மாவுக்கு மாத்திர நான் குடுத்துக்கறேன்" என்றார்.

போன வருடம் நான் அந்த வேலையை விட்டு, அம்பத்தூரில் வேறு கம்பெனிக்கு வந்துவிட்டேன். எனக்குப் பதில் வந்த பையன் என் இருக்கையில் உட்காரப் போனானாம். "அங்க ஆள் கீறாங்க" என்று டாக்டரம்மா எழுப்பிவிட்டாராம். ஸ்டோர் கீப்பர் போனில் இதைச் சொன்னபோது, அடுத்த தேர்வு எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

மறுபடியும் தேர்வு வருகிறது. இந்த வாரம் முழுக்கக் காலையில் திருமுல்லைவாயில் நிறுத்தத்தில் போய் நிற்கிறேன். ஏற மாட்டேன் என்று டிரைவருக்குத் தெரியும், இருந்தாலும் வண்டியை நிறுத்துகிறார். திரும்பி வந்துவிட்ட பழைய பஸ்ஸின் இன்ஜின் மூடியில் உட்கார்ந்திருப்பவர் என் முகத்தைப் பார்த்து உதட்டை அசைக்கிறார். நெஃப்ரான் முழுதாக முடியும்வரை நான் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.