ஒரு கிலோ ஓய்வூதியம்

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆணின் கையில் ஒரு கைத்தொலைபேசியையும் நோர்வேயின் நீண்ட பனிக்காலத்தையும் ஒன்றாகக் கொடுக்கவே கூடாது. என் நண்பர் ஒருவர் அப்படித்தான் பாகற்காய்ச் சாற்றில் எல்லா நோயும் பறந்துவிடும் என்று நம்பி வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். இன்னொருவர் ரொம்மன் என்ற இடத்தில் ஐந்தாம் மாடிப் பல்கனியில் முருங்கை வளர்க்கப் போனார் (முருங்கை போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் சுகமாக இருக்கிறார்). நான் வெள்ளியில் விழுந்தேன்.

வெள்ளி எங்கள் ஓய்வுக்காலத்தைக் காப்பாற்றும் என்று ஒரு காணொளிக்காரர் சொன்னார். தினமும் சொன்னார். நானும் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் பனி தள்ளி, மின்குமிழ் மாற்றிவிட்டு வந்து, புருசெத்தில் எங்கள் வீட்டுச் சோபாவில் சாய்ந்து தினமும் கேட்டேன். என்னை வீழ்த்தியது விலை ஏறும் என்ற கதை அல்ல. இந்த உலோகம் பூமியில் உண்டானதே இல்லையாம். எங்கேயோ ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறியபோது பிறந்து, எண்ண முடியாத காலம் அலைந்து, கடைசியில் நம் கைக்கு வருகிறதாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சமையலறைக்கு ஓடிப்போய் என் மனைவி சுபத்திராவிடம் சொன்னேன்.

"நட்சத்திரம் வெடிச்சா எங்களுக்கென்னப்பா? எனக்கு இஞ்சை முதுகெல்லோ வெடிக்குது" என்றாள்.

அவள் சொன்னதில் மிகை இல்லை. சுபத்திரா முதியோர் இல்லமொன்றில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பராமரிப்பாளர். எழும்ப முடியாதவர்களைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டி, அவர்களுடைய பாரமெல்லாம் அவளுடைய இடுப்பில் இறங்கிவிட்டது. அவள் அறுபத்திரண்டு வயதில் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். அரசாங்க ஓய்வூதியத்தை அவ்வளவு நேரத்தோடு எடுத்தால் மாதாமாதம் குறைவாகத்தான் வரும். அந்தக் குறையை நிரப்ப இருவரும் வங்கியில் சேர்த்துவந்த தொகைக்கு வீட்டில் 'முதுகுக் காசு' என்று பெயர். அதில் பாதியை வெள்ளியாக்குவதுதான் என் திட்டம்.

"இஞ்சாரும், வங்கியிலை கிடக்கிற காசு இருந்த இடத்திலையே கரைஞ்சு போகுது. விலைவாசியைப் பாரும்" என்று தொடங்கினேன்.

"அப்ப தங்கம் வாங்குறதுதானே?"

"தங்கம் ஏறி முடிஞ்சுது. வெள்ளி இனித்தான் ஏறப்போகுது."

"ஆர் சொன்னது?"

"விஷயம் தெரிஞ்ச ஆள்."

"ஏறாட்டி அந்தாள் வந்து என்ரை வேலையைச் செய்வாரோ?"

நான் திரும்ப நட்சத்திரத்துக்குப் போனேன். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "வேலையிலை விடுமுறைக்கெண்டு தந்த உங்கடை காசிலை ஒரு கட்டி வாங்கிக்கொண்டு வாங்கோ. தொட்டுப் பாக்காமல் நான் ஒரு பவுணும் வாங்கினதில்லை. பாத்திட்டு மிச்சம் கதைப்பம்."

நகரத்துக்குப் போய் ஒரு கிலோ வெள்ளிக்கட்டி வாங்கினேன். தடித்த பிளாஸ்டிக் உறைக்குள், இலக்கம் பொறித்து, என் கைத்தொலைபேசியைவிடச் சிறியதாக இருந்தது. கையில் வாங்கியதும் கை தானாகத் தாழ்ந்தது. இத்தனை சிறிய பொருளுக்குள் இத்தனை பாரமா என்று கடையிலேயே வாயைத் திறந்தபடி நின்றேன். அதைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிலத்தடி ரயிலில் ஏறினேன். எதிரே இருந்த இளைஞன் என்னை இரண்டு தரம் பார்த்தான். (பிள்ளை பெற்ற தாய்போல ஒருவன் பையைக் கட்டிப்பிடித்திருந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?) எனக்கோ அவன் கொள்ளைக்காரன்தான் என்று உறுதியாகிவிட்டது. ஒரு நிறுத்தம் முன்பே குதித்து இறங்கி, உறைபனியில் நடந்து, வழுக்கி விழுந்தேன். கையை ஊன்றவில்லை. கை வெள்ளியிடம் இருந்தது. முழங்கால் வீங்கிப்போயிற்று.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கட்டியின் ஓரத்தில் ஒரு மங்கல். சுபத்திரா மாலை வேலைக்குப் போயிருந்தாள். உறையை எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது என்று காணொளிக்காரர் தலையில் அடித்துச் சொல்லியிருந்தார். ஆனால் அவருக்கு என் மனைவியைத் தெரியாது. மங்கல் பொருளைக் காட்டினால், வேட்டியில் கறை கண்டு மாப்பிள்ளையையே வேண்டாம் என்பதுபோல, அவள் வெள்ளியே வேண்டாம் என்று விடுவாள். கத்தரிக்கோலால் உறையை வெட்டினேன். அவள் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பதைப் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன். சாம்பல் இல்லை. அதனால் புளியோடு, பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளை எடுத்தேன். நன்றாக அழுத்தித் தேய்த்தேன். மினுங்கியது. கோடு கோடாக, எல்லாத் திசையிலும் மினுங்கியது.

அடுத்த நாள் மாலை சுபத்திராவையும் மகள் மயூரியையும் மேசையில் இருத்தினேன். பல்கனிக் கம்பியில் தொங்கிய பனிக்குச்சி ஒன்றை ஒடித்து வந்து இரண்டு துண்டாக்கினேன். ஒன்றைப் பீங்கான் தட்டில் வைத்தேன். மற்றதை வெள்ளியின் மேல் வைத்தேன்.

பீங்கானில் இருந்த துண்டு அசையவில்லை. வெள்ளியின் மேல் வைத்தது அடுப்பில் வைத்ததுபோல உருகி ஓடத் தொடங்கியது. நெருப்பு இல்லை, சூடு இல்லை. தொட்டுப் பார்த்தால் கட்டி குளிர்ந்திருக்கிறது. ஆனாலும் பனி எங்கள் கண் முன்னால் சுருங்கித் தண்ணீராகி மேசையில் வழிந்தது. மூவரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். எப்போதும் கைத்தொலைபேசியை விட்டுத் தலையெடுக்காத மயூரிகூட, "அப்பா, இன்னொருக்கா செய்யுங்கோ!" என்றாள். இன்னொரு குச்சி ஒடித்தேன். சுபத்திரா விரலால் கட்டியைத் தொட்டு, "அம்மாடி… உயிருள்ள சாமான் மாதிரியெல்லோ இருக்குது" என்றாள். அந்த மாலையில் நானே அந்த வெள்ளியைச் சுரங்கத்திலிருந்து தோண்டி எடுத்தவன்போல உட்கார்ந்திருந்தேன்.

"சரியப்பா. பாதியைப் போடுவம்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆனா ஒண்டு. எங்கடை இல்லத்திலை முதல் நாள் காட்டித் தந்தது நெருப்புப் பிடிச்சா வெளியாலை போற கதவைத்தான். எனக்கு அறுபத்திரண்டு வந்தா இதைத் திரும்பக் காசாக்க வேணுமெல்லே? அதை இப்பவே ஒருக்கா ஆக்கிக் காட்டுங்கோ" என்றாள்.

இத்தனை காணொளியில் வெளியே போகும் கதவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் மிடுக்கை விடாமல், "அதுக்கென்ன, சனிக்கிழமையே போவம்" என்றேன்.

வாங்கிய கடைக்கே போனோம். கையுறை போட்ட நெட்டையான நோர்வேக்காரர் கட்டியை விளக்குக்குக் கீழே பிடித்தார். திருப்பினார். மூக்கருகே கொண்டுபோனார். (அவருடைய தொழில் வாழ்க்கையில் மோந்து பார்த்த முதல் வெள்ளி அதுவாகத்தான் இருக்கும்.)

"இது என்ன வாசம்?" என்று கேட்டார்.

நான் கூரையைப் பார்த்தேன். "புளி" என்றாள் சுபத்திரா, மருந்தின் பெயர் சொல்வதுபோல.

உறை போய்விட்டது, மேலே முழுக்கக் கீறல், ஆகவே உருக்குகிற வெள்ளியின் விலைதான் தரலாம் என்றார். அதோடு, வாங்கும்போது நான் கொடுத்த விலையில் மொம்ஸ் என்கிற விற்பனை வரி இருந்ததாம். முதலீட்டுத் தங்கத்துக்கு அந்த வரி இல்லை, வெள்ளிக்கு உண்டு, அது திரும்பி வராது என்று மிகவும் மரியாதையாக விளக்கினார். அவர் எழுதிக் காட்டிய தொகையைப் பார்த்தேன். என் விடுமுறைக் காசில் மூன்றில் ஒரு பங்கு பனிக்குச்சியைவிட வேகமாகக் கரைந்திருந்தது.

சுபத்திரா பதறவில்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்தே எங்கே நோகிறது என்று கண்டுபிடிக்கும் அதே அமைதியோடு அவரைக் கேட்டாள்: "உங்களுடைய ஓய்வுக்காலச் சேமிப்பை இதில்தான் வைத்திருக்கிறீர்களா?"

அவர் சிவந்துபோனார். "இல்லை. என் மனைவி விடமாட்டாள்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். சுபத்திரா அன்றைக்கு 'திரும்பக் காசாக்கிக் காட்டுங்கோ' என்று கேட்டிருக்காவிட்டால், திங்கட்கிழமை முதுகுக் காசில் பாதியை இதே மேசையில் கொண்டுவந்து கொட்டியிருப்பேன். அவள் இன்னும் எத்தனை வருடம் எத்தனை பேரைத் தூக்க வேண்டி வந்திருக்கும்! நட்சத்திரம் வெடித்ததைக் கேட்டு வியந்த எனக்கு, முப்பது வருடமாக எனக்குப் பக்கத்தில் படுத்து எழும்பியவளைப் பார்த்து வாய் அடைத்துப்போனது அன்றைக்குத்தான்.

"விக்க வேண்டாம்" என்று கட்டியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "நட்டத்துக்கு விக்கிறதைவிட வீட்டிலை ஒரு வேலைக்கு ஆகட்டும்."

சொன்னபடி வேலைக்கு வைத்துவிட்டாள். தமிழ்க் கடையில் வாங்கும் துருவிய தேங்காய்ப்பூ இங்கே உறைந்த கல்லாகத்தான் கிடைக்கும். கட்டியைச் சுடுதண்ணீரில் தோய்த்தெடுத்து, அதன் மேல் ஒரு துண்டு தேங்காய்ப்பூவை வைத்தால் பார்த்திருக்க இளகிவிடும். இப்போது எங்கள் வீட்டில் அதன் பெயர் 'அப்பான்ரை பென்சன்'. "அந்தப் பென்சனை ஒருக்கா எடுத்துத் தாங்கோ" என்று விருந்தாளிகளுக்கு முன்னாலேயே மயூரி கேட்பாள். ஸ்தவாங்கரிலிருந்து என் மைத்துனன் தொலைபேசி எடுத்தால், சுகம் விசாரிக்கும் முன் "அத்தான், பென்சன் இளகிட்டுதோ?" என்பான்.

சுபத்திரா இந்த வருடம் வேலையை விட்டாள். முதுகுக் காசு ஒரு குரோணரும் குறையாமல் இருந்தது. வேலைக்குப் போகத் தேவையில்லாத முதல் திங்கட்கிழமை காலை ஆறுதலாக எழும்பிப் புட்டு அவித்தாள். வெள்ளியின் மேல் தேங்காய்ப்பூ இளகுவதை நான் பக்கத்தில் நின்று வழக்கம்போல வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, இன்னும் நட்சத்திரமோ?" என்று கேட்டாள்.

"இல்லை, உம்மைத்தான் நினைச்சனான்" என்றேன்.

"அப்ப வாயை மூடிக்கொண்டு சாப்பாட்டுக் கோப்பையை எடுங்கோ. புட்டு ஆறுது."