போர்வைக்காரர் யாரென்று தெரியாத முள்ளம்பன்றி

கைபேசிக் கோபுரம் வந்துவிட்ட, ஆனால் பேருந்து இன்னும் வராத ஒரு காட்டில் மரகதம் என்றொரு முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தாள். அவள் மாயாஜால நாவல் எழுதுகிறவள். 'ஏழு நிலாக் கோட்டை' என்ற அவளுடைய நாவல் நான்கு பாகம் வெளிவந்திருந்தது. காட்டில் அதைப் படிக்காத பிராணி இல்லை. ஆனால் எழுதியது மரகதம் என்று ஒருவருக்கும் தெரியாது. 'கார்முகில் கிழார்' என்ற புனைபெயரில் எழுதி, தபாலில் பதிப்பகத்துக்கு அனுப்பிவிடுவாள். "ரெண்டு குட்டியை வச்சுக்கிட்டு இவளுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று அக்கம்பக்கத்தார் பேசுவார்களே என்று பயம்.

அந்த நாவலின் முதல் பாகத்தில் ஒரு போர்வைக்காரர் வருவார். மழைக்கு ஒதுங்கி நடுங்கிக்கொண்டிருக்கும் இளவரசியின் முன்னால் ஒரு சுட்ட கிழங்கை வைப்பார். முகம் காட்டாமல், ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். மொத்தமே ஆறு வரி.

அந்த ஆறு வரிக்காக ஒரு வாட்ஸப் குழு இருந்தது. பெயர், 'போர்வைக்காரர் ஆய்வு வட்டம்'. அதன் அட்மின் தனுஷ்கோடி என்ற கீரி. நான்கு பாகத்தையும் பதினோரு முறை படித்தவன். போர்வைக்காரர் என்பவர் செத்துப்போன அரசர்தான் என்பது அவன் கட்சி.

"மூணாவது அத்தியாயம், ஆறு வரி. மூணும் ஆறும் ஒம்பது. அரசர் செத்தது ஒம்பதாம் தேதி. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்று எழுதுவான்.

அணில்கள் ஒத்துக்கொள்ளவில்லை. போர்வைக்குள் இருப்பது எதிர்காலத்திலிருந்து வந்த அதே இளவரசி என்றன. மயில் ஒன்று, "போர்வைக்குள்ள யாருமே இல்ல, போர்வைதான் ஆளே" என்று எழுதிவிட்டு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

அதுவரை மரகதத்துக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் தை மாதம் இரண்டு மான் குடும்பங்களுக்கு நடுவே நிச்சயமான கல்யாணம் ஒன்று நின்றுபோனது. பெண் வீட்டார் அரசர் கட்சி, மாப்பிள்ளை வீட்டார் இளவரசி கட்சி. பந்தலில் வாய்த்தகராறு முற்றி, கொம்பு பூட்டிக்கொண்டார்கள். பெண்மான் அழுதுகொண்டே திரும்பிப் போனதை மரகதம் தன் கண்ணால் பார்த்தாள். அன்றைக்கே வேறு பெயரில் குழுவில் சேர்ந்து, உள்ளதை எழுதினாள்.

"போர்வைக்காரர் அரசரும் இல்லை, இளவரசியும் இல்லை. இதை எழுதியவர் வயிற்றில் குட்டியோடு ஒருநாள் அடைமழையில் மாட்டிக்கொண்டார். பசி. யாரோ ஒருவர் கிழங்கு வைத்துவிட்டுப் போனார். அது யாரென்று எழுதியவருக்கே தெரியாது. நன்றி சொல்ல ஆள் கிடைக்காததால் கதையில் எழுதி வைத்தார்."

தனுஷ்கோடி உடனே பதில் போட்டான். "அக்கா, கற்பனை நல்லாத்தான் இருக்கு. எந்தப் பாகம், எந்தப் பக்கம்?"

"பக்கம் எதுவும் இல்லைங்க. நிஜமா நடந்தது."

"முதல்ல நாவலை ஒழுங்கா படிச்சிட்டு வாங்க" என்று எழுதி, அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டான்.

மரகதம் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "ஏம்மா அழுவுற?" என்று சின்னக்குட்டி கேட்டது. "முள்ளு குத்திருச்சுடா" என்றாள்.

கோபம் அவளுக்கு நல்ல பேனா. இரண்டே மாதத்தில் ஐந்தாம் பாகத்தை எழுதி முடித்தாள். கடைசி அத்தியாயத்தில், "போர்வைக்காரர் ஒரு வழிப்போக்கர். கையில் ஒரு கிழங்கு மிச்சம் இருந்தது. கொடுத்தார்" என்று பட்டென்று உடைத்துவிட்டாள்.

புத்தகம் வெளிவந்த அன்று காடு கொந்தளித்தது. "இது போலி! கார்முகில் கிழார் இப்படி எழுதவே மாட்டார்!" என்றன அணில்கள். "அப்படின்னா அவரை யாரோ கடத்தி வச்சிருக்காங்க" என்றான் தனுஷ்கோடி. கல்யாணம் நின்றதிலிருந்து முகம் பார்க்காத இரண்டு கட்சியும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்று சேர்ந்தன. காட்டு அலுவலகத்தில் 'காணாமல் போன எழுத்தாளர்' படிவத்தை மூன்று பிரதி எழுதிக் கொடுக்க, ஆற்றங்கரை வரை வரிசை நின்றது.

அலுவலக அதிகாரி ஒரு கரடி. பதிப்பகத்தில் நாவல் வந்த தபால் உறையை வாங்கிப் பார்த்தார். அனுப்புநர் முகவரியில் மரகதத்தின் வளை இருந்தது. நேராக வந்து நின்றார்.

"ஏம்மா, கார்முகில் கிழாரை எங்க வச்சிருக்க?"

"ஐயா, நான்தாங்க அது."

"கடத்துற எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றார் கரடி. அவர் அதுவரை ஒரு கடத்தல் வழக்கையும் பார்த்ததில்லை.

ஆலமரத்தடியில் விசாரணை நடந்தது. நாவலைப் பற்றி ஐம்பது கேள்வி கேட்பது, பாதிக்கு மேல் சொன்னால் அவளே ஆசிரியர், இல்லாவிட்டால் கூண்டு என்று முடிவானது. கேள்விகளை ஆய்வு வட்டம் தயாரித்தது.

"இளவரசியின் குதிரைக்கு எந்தக் கால் நொண்டி?" என்று கரடி வாசித்தார்.

"இடது... இல்ல, ரெண்டாம் பாகத்துல வலதுன்னு எழுதிட்டேன். அது என் பிழைங்க" என்றாள் மரகதம்.

"தப்பு!" என்று கூட்டத்திலிருந்து தனுஷ்கோடி கத்தினான். "அது ஒரு குதிரையே இல்ல. இரட்டைக் குதிரைங்க!"

கூட்டம் கைதட்டியது. இப்படியே போனது. மரகதம் ஐம்பதுக்குப் பத்தொன்பது. ஆர்வம் தாங்காமல் நடுநடுவே கத்திக்கொண்டிருந்த தனுஷ்கோடி ஐம்பதுக்கு ஐம்பது.

கரடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப விஷயம் தெளிவாயிடுச்சு. கார்முகில் கிழார் நம்ம தனுஷ்கோடிதான்."

"ஐயா, நான் வெறும் வாசகனுங்க!" என்று பதறினான் கீரி.

"பாத்தீங்களா அடக்கத்தை!" என்று கூட்டம் உருகியது. "நாலாம் பாகத்து முனிவரும் இப்படித்தான் மறைச்சுப் பேசுவாரு!"

"ஆசிரியர் இங்கேயே நிக்கிறதால யாரும் கடத்தப்படல. வழக்கு முடிஞ்சுது" என்ற கரடி, மரகதத்தைப் பார்த்தார். "உனக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்காம்மா?"

ஆட்சேபணை இருக்கிறது என்றால் வழக்கு மறுபடி திறக்கும். பின்னால் கூண்டு திறந்தே கிடந்தது. முன்வரிசையில் இரண்டு குட்டிகளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அந்த நான்கு பாகமும் மரகதத்துக்கு ஏழு வருஷ உழைப்பு.

"இல்லைங்க" என்றாள். "இவருதான் எழுதினாரு. நான் தபால் பெட்டியில போட்டதோட சரி."

உண்மையான ஐந்தாம் பாகத்தை ஆறு மாதத்துக்குள் எழுதித் தரவேண்டும் என்று தனுஷ்கோடிக்கு உத்தரவானது. அவன் வளை வாசலில் வாசகர்கள் ஷிப்ட் போட்டுக் காவல் இருந்தார்கள். கீரிக்கு வாலில் முடி கொட்டியது. என்ன எழுதுவதென்று தெரியாமல், முதல் அத்தியாயத்தில் ஒரு ஒற்றைக்கண் சமையல்காரரைக் கொண்டுவந்தான். அவர் ஒரு பானையை மூடிவிட்டு வெளியே போனார்.

மரகதம் காவல் இருந்தவர்களிடம் அந்த அத்தியாயத்தின் பிரதியை வாங்கி வந்து, குட்டிகளைத் தூங்கவைத்துவிட்டு, படுத்துக்கொண்டே படித்தாள். அடுத்து என்ன வருமென்று தெரியாமல் ஒரு கதை படித்து எத்தனை வருஷம் ஆயிற்று! மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கீரியின் வளையைத் தட்டினாள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தச் சமையல்காரர் யாரு?"

"சத்தியமா எனக்கே தெரியாதுக்கா" என்றான் தனுஷ்கோடி அழாத குறையாக.

"சும்மா மறைக்காதீங்க" என்று மரகதம் உள்ளே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "பதினேழாம் பக்கத்துல ஆதாரம் இருக்கு."

நீதி: நிம்மதியாகப் படிக்க ஆசைப்படுகிறவர்கள், தாங்கள் எழுதியதை முதலில் வேறொருவர் தலையில் கட்டிவிட வேண்டும்.