ட்ரிப் ஆகாத ரிலே

"நம்ம கை பட்ட ரிலே ட்ரிப் ஆனதா சரித்திரமே கெடையாது மாமு" என்று காசிமேட்டு டீக்கடையில் நெல்சன் ஒருமுறை அறிவித்தார்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டைப்பையில் டெஸ்டர், முகத்தில் ஞானம், எந்தக் கோளாறுக்கும் ஒரே வைத்தியம்: கத்துகிறவன் வாயை அடைப்பது.

நெல்சன் ஐஸ் ஃபேக்டரி எலக்ட்ரீஷியன். கரண்ட் போய் வந்ததும் இரண்டு கம்ப்ரஸரையும் சேர்த்தே போடுவார். இரண்டும் கிளம்பும் வேகத்தில் கரண்டை வாரி இழுக்கும். அளவு மீறினால் லைனைத் துண்டிக்கவென்றே சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ரிலே, 'டக்' என்று ட்ரிப் ஆகித் தன் கடமையைச் செய்யும். ஒன்றன்பின் ஒன்றாகப் போடலாமே? போடலாம். ஆனால் அதில் மேதைக்கு என்ன வேலை? பேனலைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கர்த்தரை நினைத்து, ரிலேயின் அளவுக் குமிழை மேலே, இன்னும் மேலே திருகினார். அதன்பின் ரிலே வாயே திறக்கவில்லை. ஒரு வாரம் அவர் நடையே மாறிப்போனது.

எட்டாம் நாள், உப்புக்காற்றில் நைந்திருந்த ஃபேக்டரி கேபிள் ஷார்ட் ஆனது. ரிலே அசையவில்லை. அப்படித்தானே சொல்லி வைத்திருந்தார்? கடைசியில் துணைமின் நிலையத்தில் இருந்த பெரிய ரிலே பொறுமையிழந்து, தெரு மொத்தத்தையும் அணைத்தது. பக்கத்து ஷெட்டில் இறால் வியாபாரி மங்கையின் ஃப்ரீஸரும் நின்று, அறுநூறு கிலோ இறாலுக்கு வேர்க்கத் தொடங்கியது. சாயங்காலம் லாரி, குழைந்த இறாலை எவனும் ஏற்ற மாட்டான்.

மங்கை வந்து நின்றாள். நெல்சன் பேனலைக் காட்டி, தன் ரிலே ட்ரிப் ஆகவேயில்லை என்பதை ஆதாரத்தோடு விளக்கினார்.

"உன்னுது ஆவல நைனா, ஊரே ஆயிகீது" என்றாள் அவள். "உன் வூட்டு வம்ப உன் வாசல்லயே நிறுத்தத்தான அந்த டப்பா? அது வாய இன்னாத்துக்குக் கட்டுன?"

ஃபேக்டரியில் மிச்சமிருந்த ஐஸ் பார்களை நெல்சனே தோளில் சுமந்துபோய், உடைத்து, இறால்மேல் கொட்டினார். லாரி ஏற்றிக்கொண்டது.

மறுநாள் குமிழ் பழைய கோட்டுக்கே வந்துவிட்டது. கம்ப்ரஸர்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, கண்ணியமாகக் கிளம்பின. ஒட்டுப்போட்ட கேபிள் அடுத்த மழையில் மறுபடி ஷார்ட் ஆனபோது, 'டக்.' ஃபேக்டரி மட்டும் நின்றது. மங்கையின் ஃப்ரீஸர் உறுமிக்கொண்டேயிருந்தது. நெல்சன் இருபுறமும் பார்த்துவிட்டு, பேனல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அன்று டீக்கடையில் அவர் மழையைப் பற்றி மட்டுமே பேசினார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. மெயினை அணைத்துவிட்டு, உங்கள் வீட்டு ஃப்யூஸ் கட்டையைக் கொஞ்சம் கழற்றிப் பாருங்கள். அடிக்கடி போகிறதே என்று, அதில் அவ்வளவு தடித்த கம்பியைச் சுற்றி வைத்தது யார்?