மாமனாரின் சபதமும் தானாகக் கொதிக்கும் சோறும்

எங்கள் கம்பம் பக்கத்தில் கோபக்காரர்கள் இரண்டு வகை. ஒரு வகை, கோபம் வந்தால் தெருவே அதிரக் கத்துவார்கள். அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை, சாயங்காலத்துக்குள் டீக்கடையில் சமாதானமாகிவிடுவார்கள். இன்னொரு வகை, 'உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன்' என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். கை நனைப்பதில்லை என்றால் சோறு கிடையாது, ஒரு வாய் தண்ணீர் கூடக் கிடையாது. என் மாமனார் இந்த இரண்டாம் வகை. நான், அப்படிப்பட்டவர்களுக்கு உதவி செய்யக் கிளம்பும் முட்டாள் வகை.

மாமாவுக்குச் சுருளிப்பட்டி ரோட்டில் திராட்சைத் தோட்டம். மூத்த மகள் சாந்தியை எனக்குக் கட்டிக்கொடுத்தார் (அதற்கு அவர் யார் மேலும் கோபப்படவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்). இளையவள் கலா டெல்லிக்கு வேலைக்குப் போய், கூட வேலை பார்த்த பஞ்சாபிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதிலிருந்து மூன்று வருடம் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சில்லை. பிறகு கலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சாந்தி அழுது, சாப்பிடாமல் கிடந்து, ஒருவழியாக அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள்.

"வாரேன். அந்தப் புள்ளய ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவேன். ஆனா அங்கன கை நனைக்க மாட்டேன். ஓட்டல் சோறும் எனக்கு ஒத்துக்கிறாது. ஆறுன சோறு தொண்டையில எறங்காது" என்றார் மாமா.

ஆக, டெல்லியில் இருக்கும் நாட்களில் மகள் வீட்டுச் சோறும் ஆகாது, கடைச் சோறும் ஆகாது, கட்டுச்சோறும் ஆகாது. வராமல் இருப்பதற்கு இதைவிட நாசூக்கான வழி கிடையாது. சாந்தி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"எப்படியாச்சும் எங்கப்பாவக் கொண்டுபோய் அவ வீட்டுல சேத்துருங்க. இந்தத் தடவ விட்டா அவுக பெறகு கெளம்பவே மாட்டாக."

அவள் கண்ணைப் பார்த்ததும் எனக்குள் வீம்பு ஏறிவிட்டது. நான் கம்பத்தில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருந்தேன். அதனால் எனக்கு விஞ்ஞான மூளை உண்டு என்று ஒரு நம்பிக்கை (கடைக்கு வந்தவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை). மாமா சொன்ன அத்தனை நிபந்தனையையும் நிறைவேற்றிக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

வழி காட்டியவன் உத்தமபாளையத்து நண்பன் ஜாபர். குவைத்தில் ஒரு பாலைவன முகாமின் ஸ்டோரில் வேலை பார்த்தான். லீவில் வந்தபோது அட்டைப்பெட்டி நிறையத் தானாகச் சூடாகும் சாப்பாட்டைக் கப்பல் பார்சலில் வரவழைத்திருந்தான். காய்கறி போட்ட மசாலா சோறு. அடுப்பு வேண்டாம், நெருப்பு வேண்டாம்.

"அடியில சுட்ட சுண்ணாம்புப் பொடி, அதுக்கு மேல தண்ணிப் பை. இந்தக் கயித்த இழுத்தா பை கிழிஞ்சு தண்ணி சுண்ணாம்புல விழும். வெள்ளையடிக்க சுண்ணாம்பு நீத்துறப்ப கொதிக்கும்ல, அதே கொதிதான்டா" என்றான்.

(பானையில் சுண்ணாம்பு கொதிப்பதைப் பார்க்காத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. அதில் சோற்றைச் சுடவைக்கலாம் என்று மட்டும் எவனுக்கும் தோன்றவில்லை.)

மாமா முன்னால் ஒரு பொட்டலத்தின் கயிற்றை இழுத்துக் காட்டினேன். புஸ்ஸென்று சத்தம், பிறகு ஆவி. மாமா ஒரு வாய் தின்று பார்த்தார். "உப்பு பத்தல. சூடு இருக்கு" என்றார். வேறு சாக்கு அவருக்குக் கிடைக்கவில்லை.

என் சட்டைகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, பெட்டி முழுக்கப் பொட்டலங்களை அடுக்கினேன்.

"இத பிளேன்ல ஏத்த விடுவாகளான்னு யாரையாச்சும் கேட்டீகளா?" என்றாள் சாந்தி.

"சோறு தானே" என்றேன்.

விடிந்ததும் மாமாவும் நானும் காரில் கிளம்பினோம். ஆண்டிபட்டி தாண்டும்போதே மாமா, "தோட்டத்துல மருந்தடிக்கணும், ஆளு வருவான்" என்று ஆரம்பித்தார். நான் டிரைவரை வேகமாக ஓட்டச் சொன்னேன்.

மதுரை விமான நிலைய வாசலில் பெட்டியை எக்ஸ்ரே மெஷினுக்குள் விட்டார்கள். உள்ளே போன பெட்டி வெளியே வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் ஒரு அதிகாரியைக் கூப்பிட்டார். பொடி, தண்ணீர்ப் பை, கயிறு, அதுவும் வரிசை வரிசையாக. பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.

அதிகாரி பொறுமையான மனிதர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "தானா சூடாகுற எதையும் விமானத்துல ஏத்த முடியாது சார். இத இங்கயே விட்டுட்டு நீங்க போகலாம்" என்றார்.

அறிவுள்ளவன் என்றால் அந்த இடத்தில் கும்பிடு போட்டுவிட்டுப் போயிருப்பான். எனக்கோ, சோறு இல்லையென்றால் மாமா இப்படியே திரும்பிவிடுவார் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. பக்கத்தில் மாமா, கார் நின்ற திசையை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இது வெறும் சோறு. காட்டுறேன் பாருங்க" என்று ஒன்றை எடுத்துக் கயிற்றை இழுத்துவிட்டேன்.

வீட்டில் வந்தது புஸ் என்ற சத்தம். பளிங்குத் தரை போட்ட அந்தக் கூடத்தில் அது மலைப்பாம்பு மாதிரி சீறியது. வெள்ளையாக ஆவி கிளம்பியது. வரிசையில் நின்றவர்கள் தள்ளுவண்டிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் மட்டும் ஓடாமல், "மசாலா வாசனை வருது பாருங்க சார், மோந்து பாருங்க" என்று பொட்டலத்தை நீட்டிக்கொண்டே அதிகாரியின் பின்னால் போனேன். யாரோ ஒரு புண்ணியவான் தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரைத் தூக்கிவந்து அடித்தார். பெட்டி, சோறு, நான், மாமாவின் சலவை வேட்டி எல்லாம் ஒரே வெள்ளை.

ஓர் அறையில் உட்காரவைத்து விசாரித்தார்கள். எங்கள் விமானம் கிளம்பும் சத்தம் அங்கே நன்றாகக் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாந்தியிடம் என்ன சொல்வேன்? கடைசியில் அதிகாரிக்கே என் மேல் இரக்கம் வந்து, "மத்தியான பிளேன்ல இடம் இருக்கான்னு கேளுங்க. ஆனா என்னைக் கேட்டா, பெரியவரைக் கூட்டிட்டு ஊருக்கே திரும்பிப் போறது நல்லது" என்றார்.

மாமா மூன்று வருடமாகக் காத்திருந்த வார்த்தை அது. முடிந்தது கதை என்று நான் எழுந்து நின்றேன். மாமா எழவில்லை. மீசையில் ஒட்டியிருந்த பொடியைத் துடைத்தார்.

"திரும்பிப் போகச் சொல்றதுக்கு நீங்க யாருய்யா? நான் எம் பேத்தியப் பாக்கப் போறேன்" என்றார்.

அதுவரை 'அந்தப் புள்ள' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மத்தியான விமானத்தில் இடம் கிடைத்து, சோறில்லாமல் டெல்லி போய்ச் சேர்ந்தோம். விமானத்தில் கொடுத்த ரொட்டியை மாமா தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், குளிர்ந்திருந்ததாம். விளக்கு வைக்கும் நேரத்தில் கலா கதவைத் திறந்தாள். குழந்தையை அப்பா கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். அவருடைய சபதம் அவளுக்கும் தெரியும். தெரிந்தும் சமைத்திருந்தாள். தட்டில் சோற்றைப் போட்டாள், ஆவி பறந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மாமாவின் வைராக்கியத்தைக் காப்பாற்றும் ஆள் நான் ஒருவன் இருந்தேனே. "இருங்க மாமா, பக்கத்துல ஏதாச்சும் நம்மூரு ஓட்டல் இருக்கான்னு பாத்துட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டினேன்.

மாமா என்னைப் பார்த்த பார்வையை எந்த மருமகனும் வாங்கியிருக்க மாட்டான்.

"உக்காருங்க மாப்ள. காலையில இருந்து நீங்க செஞ்சது போதும்" என்றவர், குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். நாலு வாய் சாப்பிட்ட பிறகு, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "ரசம் இருக்காத்தா?"

கலா கரண்டியோடு நின்று அழுதாள். பஞ்சாபி மாப்பிள்ளை பதறிப்போய், ரசம் தீர்ந்துவிட்டதா என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

ஊருக்குத் திரும்பிய மாமா, மனசு இளகியதாக யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. "நானா எங்கன கை நனைச்சேன்? மாப்ள சோத்தப் பறிகுடுத்துட்டாக. பட்டினி கெடந்தா சாகச் சொல்றீக?" என்பதுதான் அவர் கட்சி. விசேஷ வீடுகளில் இதை விலாவாரியாகச் சொல்லிவிட்டு, சாட்சிக்கு என்னைக் கூப்பிடுவார். நானும் போய்த் தலைகுனிந்து நிற்பேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

இப்போதெல்லாம் எங்கள் சொந்தத்தில் யாராவது 'அவன் வீட்டில் கை நனைக்க மாட்டேன்' என்று கிளம்பினால், தகராறு எதற்கென்று யாரும் கேட்பதில்லை. "பெரிய மாப்ளையத் தொணைக்கு அனுப்புங்க, சோத்த அவுக கொண்டு வரட்டும்" என்கிறார்கள். போன மாதம் கூடக் கெங்குவார்பட்டிக்கு, பேச்சில்லாத இரண்டு சித்தப்பாக்களில் ஒருவரை இன்னொருவர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு, சோற்றுத் தூக்குவாளியோடு போய்வந்தேன். வழியில் அதை பஸ்ஸிலேயே மறந்து வைத்துவிட்டு இறங்கினேன். யாரும் என்னைத் திட்டவில்லை.