உத்தமன் போட்டுக்கொண்ட ஊசி

உங்கள் குடியிருப்பில் லிஃப்ட் இருக்கிறதோ இல்லையோ, வாட்ஸ்அப் வைத்தியர் ஒருவர் கட்டாயம் இருப்பார். மருத்துவம் படித்திருக்க மாட்டார். மருத்துவர்கள் மறைப்பதையெல்லாம் படித்திருப்பார். விடிந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, பத்துப் பேரையாவது காப்பாற்றியாக வேண்டும் அவருக்கு.

சென்னீர்குப்பம் அடுக்குமாடி ஒன்றில் மூன்றாம் மாடி உத்தமன் இந்த இனம்தான். பகலில் மென்பொருள் கம்பெனியில் டீம் லீடர். பருவநிலை மாற்றம் என்பது ஏ.சி. விற்பவர்கள் கட்டிவிட்ட கதை, தடுப்பூசிக்குள் சிப் இருக்கிறது, அந்தச் சிப் சூடாவதால்தான் வெயில் இப்படிக் கொளுத்துகிறது என்று ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று உண்மைகளை ஒரே செய்தியில் அனுப்பி, கீழே ‘உத்தமன், எம்.டெக்.’ என்று போடுவார். யார் மறுப்பது? எம்.டெக். ஆயிற்றே.

அந்த மே மாதம், வரக்கூடாத மழை வந்தது. மூன்று நாள் கொட்டியதில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்க, தெருநாய்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஏறிக்கொண்டன. சங்கச் செயலாளர் ராஜகுமாரி அவற்றுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட ஆள் வரவழைத்தார். ஊசி போட்ட நாய் குரைக்கும் சக்தியை இழந்துவிடும், அப்புறம் திருடன் வந்தால் யார் பொறுப்பு என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார் உத்தமன். அவர் எதை அனுப்பினாலும் முதலில் கைகூப்பும் படம் போடுகிறவர் இரண்டாம் மாடி கோகுல்நாத். அன்று ஐந்து போட்டார். வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை, கரண்ட் இல்லாத கார் நிறுத்துமிடத்தில் உத்தமன் ஒரு வாலை மிதித்தார். வாலுக்கு உரிய நாய் அவர் கெண்டைக்காலைக் கவ்வியது.

நொண்டிக்கொண்டு வீடு வந்தார். மனைவி சுதா காயத்தைப் பார்த்தாள், சமையலறைக்குள் போனாள், ஒரு கிண்ணத்தோடு திரும்பி வந்தாள்.

“மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும். நாய்க்கடிக்குன்னு போன வாரம் நீங்க அனுப்புனதுதான். வைக்கட்டுமா?”

உத்தமன் காலை இழுத்துக்கொண்டார். தண்ணீரைக் கண்டால் பயம் வருகிறதா என்று ஒரு சொம்பை உற்றுப் பார்த்தார். கொஞ்சம் வருவதுபோல்தான் இருந்தது.

பின்னாலேயே ஓடிவந்த வாட்ச்மேன் வேம்புலி அவரைக் குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டார். “இது வெளையாட்டு இல்ல சார். எங்க ஊட்டாண்ட ஒரு ஆளு ஊசி வாணான்னு சுத்திக்கினு இருந்தாரு. போய்ச் சேந்துட்டாரு. நீ மொதல்ல ஆசுபத்திரிக்குப் போ.”

ஹெல்மெட்டைக் கழற்றாமலே அரசு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார் உத்தமன். நர்ஸ் ஆக்னஸ் பெயர் கேட்டார். தடுப்பூசி எதிர்ப்பாளரின் பெயர் ஊசிப் பதிவேட்டில் ஏறலாமா? சட்டென்று “கோகுல்நாத்” என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“உத்தமன் யாரு? வாங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். மூலையில், முகத்தைத் துண்டால் மூடியிருந்த இன்னொருவரும் எழுந்தார். துண்டு நழுவியது. கோகுல்நாத். அதே நாய், முந்தின நாள் சாயங்காலம்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். யாரும் கைகூப்பவில்லை.

“யாரு யாரா வேணா இருந்துக்குங்க,” என்றார் ஆக்னஸ். “கடி நிஜந்தானே? சட்டைக் கையை மேல ஏத்துங்க.”

ஊசி இறங்கியபோது வலியைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது உத்தமனுக்கு. வாழ்நாளில் அவர் நேரில் சரிபார்த்த ஒரே உண்மை அது. அதை மட்டும் அவர் யாருக்கும் அனுப்பவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்ன தேதி ஒன்றைக்கூடத் தவறவிடாமல் இருவரும் எல்லா ஊசியும் போட்டுக்கொண்டார்கள். கடிபட்ட அடுத்த வாரமே ராஜகுமாரி மறுபடி ஆளை வரவழைத்து நாய்களுக்கு ஊசி போட்டபோது குழுவில் மூச்சுச் சத்தம் இல்லை. அமைதி நான்கு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் விடிகாலை, மழைநீரில் மொபைலைக் கழுவினால் சர்க்கரை குறையும் என்று உத்தமனின் செய்தி வந்தது.

இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் கண்முன் வந்திருக்கும். அவருக்கு உடனே அனுப்ப வேண்டுமென்று விரல் துடிக்கும். அனுப்புங்கள், தாராளமாக. ஒரே ஒரு சந்தேகம்: உத்தமன் என்று ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று நீங்கள் இன்னும் விசாரிக்கவே இல்லையே?