எலும்புக்கு விளக்கவுரை

மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பவர்களைப் பற்றியது அல்ல இது. அவர்கள் புண்ணியவான்கள். இது விளக்கக்காரர்களைப் பற்றியது. மாத்திரை உள்ளே போனால் எந்தக் கதவைத் தட்டும், யார் திறப்பார்கள், திறந்தவர் யாரைக் கூப்பிடுவார் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு, தெரிந்ததை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி முடிக்கும்வரை மாத்திரையை உறையிலேயே வைத்திருக்கும் இனம். உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் கரமனையில் அவர் பெயர் சிவதாணு. தலைமைச் செயலகத்தில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர்.

2006-ஆம் ஆண்டு ஆனி மாதம் அவர் மனைவி வடிவாம்பாள் கிணற்றடியில் லேசாகச் சறுக்கினாள். கையை ஊன்றினாள். ஊன்றிய கை மணிக்கட்டில் ஒடிந்தது. கட்டுப் போட்ட டாக்டர், எலும்பு பொரிவிளங்காய் உருண்டை மாதிரி கெட்டியாக இல்லை, பொரி மாதிரி இருக்கிறது என்றார். தினம் ஒரு ஹார்மோன் ஊசி. தள்ளிப்போட்டால் அடுத்து ஒடிவது முதுகெலும்பாக இருக்கலாம்.

முதுகெலும்பு என்ற சொல் வடிவாம்பாளுடனேயே வீட்டுக்கு வந்துவிட்டது. அன்றுமுதல் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். தும்மல் வந்தால்கூட நாற்காலியில் உட்கார்ந்து தும்மினாள். பேனா போன்ற அந்த ஊசியோ ஃபிரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. ஏன்? பெட்டிக்குள் இருந்த காகிதத்தைச் சிவதாணு படித்துவிட்டார். அது போதாமல் நூலகத்துக்குப் போய் மருத்துவப் புத்தகத்திலிருந்து நகலும் எடுத்து வந்துவிட்டார்.

"கேட்டியா, இந்த ஹார்மோன் எலும்பிலேருந்து சுண்ணாம்பை உருவுக சாதனமாக்கும்! அதைப் போய் எலும்புக்கே குத்தச் சொல்லுகான். நோட் எழுதி முடியாம ஃபைலை நகத்த முடியாது."

"செரி, நீங்க எழுதி முடியுங்க. எனக்க முதுகு அதுவரைக்கும் லீவுல இருக்கட்டும்" என்றாள் வடிவாம்பாள்.

அவர் மறுபடி டாக்டரிடம் போனார். வெளியே நோயாளிகள் வரிசையில் முணுமுணுத்துக்கொண்டிருக்க, டாக்டர் பொறுமையாக ஒரு வித்தியாசத்தைச் சொன்னார். சிவதாணு திரும்பி வந்தபோது முகம் தீபாராதனை கண்டது மாதிரி இருந்தது. சந்தேகம் தீர்ந்தது. இனி ஊசி போடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தர வந்த பக்கத்துத் தெருத் தாசையன்தான் முதலில் சிக்கினார்.

"தாசையா, எலும்பு கட்டுக செல்லு ஒரு செக்ஷன்னு வச்சுக்கோ. ஹார்மோன் பியூன். அவன் உள்ள நுழைய மாட்டான். வாசல்ல ஒருத்தன் இருப்பான், அவன்கிட்ட தபாலைக் குடுத்துட்டுப் போயிருவான். தபால் கைமாறிக் கைமாறி பீரோ இருக்க ரூமுக்குப் போவும். பீரோவுல ஃபைலு ஃபைலா அடுக்கி வச்சிருக்குல்லா, அதாக்கும் ஜீன். தபால் சொல்லுக ஃபைலைத் திறந்து நகல் எடுப்பான். நகலைப் பாத்து எலும்பு கட்டுவான்."

"நல்ல காரியம்லா, சார்" என்றார் தாசையன், ஏணியைத் தோள் மாற்றிக்கொண்டு.

"எங்க நல்ல காரியம்? பியூன் தினம் ஒருக்க வந்துட்டுப் போனா கட்டுமானம் நடக்கும். அவனே நாள் முழுக்க வாசல்ல நின்னு மணி அடிச்சா? உள்ள இருக்கவன் வேற ஃபைலைத் திறப்பான். இடிக்கிற ஆளை விளிப்பான்! ஒரே பியூன், ஒரே தபால். எவ்வளவு நேரம் நிக்கான் என்கதுதான் கணக்கு."

தாசையனுக்கு ஏணியை இறக்கிவைக்க இடம் கேட்கும் சந்தர்ப்பம் கடைசிவரை கிடைக்கவில்லை. பிறகு பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சர். எல்லோருக்கும் பியூன், எல்லோருக்கும் பீரோ. சொல்லச் சொல்ல, ஊசி போட்டாகிவிட்டது என்ற நிறைவே சிவதாணுவுக்கு வந்துவிட்டது. வடிவாம்பாள் மட்டும் சுவரை விடவில்லை.

அடுத்த வீட்டு ஓமனா நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்பும் வழியில் அடுக்களை வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"சேச்சி, ஊசி தொடங்கியோ?"

"இல்ல மக்கா. விளக்கம் நடக்குது."

முன்னறையில் சிவதாணுவின் விளக்கத்தில் தபால் அப்போதுதான் வாசலுக்கு வந்திருந்தது. ஓமனா காது கொடுத்தாள். கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"மதி, சேச்சி. விளக்கம் போதும். வயித்தைக் காட்டு."

ஆவணி பிறந்தபின் ஒருநாள், வந்த விருந்தாளிக்குக் காட்ட ஃபிரிட்ஜைத் திறந்து பேனாவை எடுத்த சிவதாணு அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே மருந்து இல்லை.

"இது எங்கடி போச்சு?"

"எனக்க வயித்துக்குள்ள. தினமும் காலம்பற நீங்க முன்னறையில பீரோவைத் திறக்கும்போ, ஓமனா இங்க குத்திட்டுப் போயிருவா."

வடிவாம்பாள் சொல்லிக்கொண்டே குக்கரை இறக்கினாள். சுவரைப் பிடிக்காமல் இறக்கினாள். சிவதாணு கோபப்படவில்லை, அவர் கண்கள் பளபளத்தன.

"அப்போ உனக்க எலும்புக்குள்ள இப்போ என்ன நடக்குன்னா..."

"மதி" என்றாள் வடிவாம்பாள். "தினம் ஒருக்க வந்துட்டுப் போனா கட்டும், நாள் முழுக்க நின்னா இடிக்கும். நீங்க சொன்னதுதான்."

இவ்வளவு படித்த உங்களுக்கும் இப்போது பியூன், பீரோ, நகல் எல்லாம் தெரிந்துவிட்டது. இன்று சாயங்காலம் யாரிடம் சொல்லலாம் என்று ஒரு முகம்கூட மனதில் வந்திருக்குமே? தாராளமாகச் சொல்லுங்கள். அதற்குமுன் அவர் தோளில் ஏணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.