மகாலிங்கம் ஐயாவை நான் திரையில் போட்ட கதை

உயிரோடு இருந்த ஒரு மனிதரை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். அதற்கு ஆயுதம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டியும், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கணினியும், என்னுடைய தலைக்கனமும் போதுமாக இருந்தன.

அப்போது நான் வலிகாமத்தில் ஒரு சிறிய பொது நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தற்காலிக நியமனம். என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது பிரதேச சபைச் செயலாளரின் கையெழுத்தில் இருந்தது. எனவே, பார்க்கிற வேலை எல்லாவற்றிலும் கெட்டித்தனம் காட்ட வேண்டிய வயதும் நிலைமையும். (கெட்டித்தனம் இருந்ததா என்று கேட்கக்கூடாது.)

எங்கள் நூலக வாசலில் ஒரு அறிவித்தல் பலகை இருந்தது. தாளுக்கு மேல் தாள் ஒட்டி அது மெத்தை மாதிரி ஆகிவிட்டிருந்தது. சிறுவர் கதை நேரம் எப்போது என்று அறிய விரும்புகிறவர், அதற்கு மேலே உள்ள டெங்கு ஒழிப்பு, நாய்களுக்குத் தடுப்பூசி, மின்வெட்டு மூன்றையும் உரித்துப் பார்க்க வேண்டும். யாரும் உரிப்பதில்லை. கதை நேரத்துக்குக் கதை சொல்கிறவரும் அவருடைய மகளும் மட்டும் வந்து போனார்கள்.

இதற்குப் பதிலாக ஒரு மின்திரை வைக்கலாம் என்று சபையில் பேச்சு வந்தது. கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் விலைக்குறிப்பு அனுப்பியது. நூலகர் புஷ்பராணி அக்கா அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உந்தக் காசுக்கு இன்னொரு வாசிகசாலை கட்டலாம்," என்றார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அக்கா, ஒரு பழைய ரீவி கிடைச்சால் போதும். மிச்சத்தை நான் செய்து தாறன்," என்றேன்.

இதைச் சொல்ல எனக்கிருந்த தகுதி, யாழ்ப்பாணத்தில் நடந்த ஒருநாள் பயிற்சிப் பட்டறை. அதில் மற்றவர்கள் கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்தபோது நான் பின்வரிசையில் இருந்து பார்த்தேன். தேநீர் இடைவேளை மட்டும் முழுமையாக நினைவில் இருந்தது.

கனடாவுக்குப் போன ஒரு குடும்பம் தங்கள் தொலைக்காட்சியை நூலகத்துக்குத் தந்தது. பெரிய பெட்டிதான். ஆனால் அதில் தெரிகிற எல்லாவற்றிலும் நீலம் படிந்திருந்தது. செய்தி வாசிப்பவர் கிருஷ்ணபரமாத்மா நிறத்தில் வந்து வானிலை சொன்னார். பரவாயில்லை, எழுத்துத்தானே போடப் போகிறோம் என்று வாங்கிக்கொண்டோம். சின்னக் கணினியையும் ஒருவாறு தேடிப் பிடித்து, இரண்டு கிழமை மல்லுக்கட்டி, படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்படி செய்துவிட்டேன். முதற்படம், 'நூலகம் திறந்திருக்கும் நேரம்', திரையில் வந்தபோது புஷ்பராணி அக்கா கைதட்டினார். அந்தக் கைதட்டலோடு என்னுடைய பரிசோதனைகள் முடிவடைந்தன. மற்றப் படங்கள் எல்லாவற்றையும் என் மடிக்கணினியில் மட்டுமே பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

திரையை வீதிப்பக்க யன்னலில் வைப்போம், நூலகம் பூட்டியிருக்கும்போதும் சனம் பார்க்கட்டும் என்றார் அக்கா. நல்ல யோசனை. எவ்வளவு நல்ல யோசனை என்பது பிறகுதான் தெரிந்தது.

புதிய நூல்கள், கதை நேரம், அங்கத்துவ விபரம் எல்லாம் செய்து முடித்தபின், மனிதமுகம் ஒன்றும் இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. 'இம்மாதத்தின் சிறந்த வாசகர்'. அதற்கு மகாலிங்கம் ஐயாவைவிடப் பொருத்தமானவர் இல்லை. எழுபதைத் தாண்டியவர். உரும்பிராய்ப் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்தவர். நூலகத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. நாங்கள் கதவைத் திறக்க முன்பே வாசலில் சைக்கிளோடு நிற்பார். துப்பறியும் கதைகளை வரிசையாகப் படித்து முடித்துவிட்டு, மறந்துபோயிருக்கும் என்று திரும்ப முதலிலிருந்து தொடங்கியவர்.

அவரிடம் படம் கேட்டேன். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் மிஞ்சியதைத் தந்தார். அதைத் திரையில் போட்டால் நீலமாகத் தெரியும் என்று கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு சட்டகத்தைச் சுற்றிவரப் போட்டேன். மூலைகளில் வெள்ளைப் பூக்கள், கீழே ஒரு குத்துவிளக்கு. (மங்களகரமாக இருக்கட்டும் என்றுதான்.) படத்துக்குக் கீழே பெயர். பெயருக்குக் கீழே அவர் அங்கத்தவராகச் சேர்ந்த ஆண்டு, பிறகு ஒரு கோடு, பிறகு நடப்பு ஆண்டு. அதற்குக் கீழே, 'எமது நூலகத்தின் நீண்டகால அங்கத்தவர். அவரது வாசிப்புப் பழக்கம் என்றும் எமக்கு வழிகாட்டும்.' உச்சியில் தலைப்பு. அடியில், விளக்குக்கும் கீழே, 'வாழ்த்துகள்'.

மடிக்கணினியில் பார்க்க மிக வடிவாக இருந்தது.

திறப்புவிழாவுக்குச் செயலாளரை அழைத்திருந்தோம். அதற்கு முதல்நாள் பூரணை விடுமுறை. அதற்கும் முதல்நாள் பின்னேரம், படங்கள் ஓடட்டும் என்று திரையைப் போட்டுவிட்டு, அளவெட்டியில் இருக்கிற எங்கள் வீட்டுக்குப் போய்விட்டேன். விடுமுறை முழுவதும் திறப்புவிழாவுக்கு என்ன சேலை கட்டுவது என்ற ஆராய்ச்சியில் கழிந்தது.

விழா நாள் காலை ஸ்கூட்டியில் வந்தபோது, சந்தியிலிருந்து நூலகம் வரைக்கும் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. யார் வீட்டுச் சாவோ, பாவம் என்று நினைத்துக்கொண்டு, நூலகத்துக்கு எதிரே தேநீர்க்கடை வைத்திருக்கும் செல்வத்திடம் நிறுத்திக் கேட்டேன்.

"ஆர் அண்ணை மோசம்போனது?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"என்ன பிள்ளை கேக்கிறியள். நீங்கள்தானே போட்டனீங்கள்."

"நான் என்னத்தைப் போட்டனான்?"

அவர் யன்னலைக் காட்டினார். கதை நேரம் போனது. புதிய நூல்கள் போனது. அடுத்ததாக மகாலிங்கம் ஐயா வந்தார்.

பழைய தொலைக்காட்சிகள் சிலவற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தின் நான்கு ஓரங்களையும் கொஞ்சம் விழுங்கிவிடும். எங்கள் பெட்டி கனடாவுக்குப் போகாமல் நின்றதால் பசியோடு இருந்திருக்க வேண்டும். தலைப்பையும் விழுங்கியிருந்தது, அடியில் இருந்த வாழ்த்துகளையும் விழுங்கியிருந்தது. மிச்சம் இருந்தவை கறுப்பு வெள்ளைப் படம், வெள்ளைப் பூக்கள், குத்துவிளக்கு, பெயர், ஓர் ஆண்டு, ஒரு கோடு, இன்னோர் ஆண்டு, என்றும் எமக்கு வழிகாட்டும்.

யன்னலின் கீழே யாரோ ஒரு மாலையும் வைத்திருந்தார்கள்.

"முந்தநாள் காலமை அவரும் மனிசியும் ஓட்டோவிலை ஆசுப்பத்திரிப் பக்கம் போனதை நானே கண்டனான்," என்று செல்வம் விளக்கினார். "பிறகு வீடு பூட்டிக் கிடக்கு. போன் வேலை செய்யேல்லை. பிறகு உங்கடை ரீவியிலை வந்திட்டுது. அரசாங்கக் கட்டடத்திலை பொய் போடுவினமே?"

 எனக்குப் பயங்கரமான ஒரு சந்தேகம் வந்தது. ஆசுப்பத்திரிக்குப் போனவர் உண்மையிலேயே போய்விட்டாரோ? நான் தெரியாமல் செய்த பிழை சரியாகிவிட்டதோ? அப்படி ஆகியிருந்தால் என்மேல் குற்றம் இல்லை என்று ஒரு கணம் மனம் கணக்குப் போட்டது. அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

உள்ளே புஷ்பராணி அக்கா தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொறன்ரோவிலிருந்து ஐயாவின் தங்கை அழுவது எனக்கும் கேட்டது. அக்கா அழைப்பை முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சுகந்தி, மனிசன் மோசம்போனதை உமக்கு ஆர் சொன்னது?"

"அக்கா, நான் வாழ்த்துத்தான் போட்டனான்," என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் திட்டவில்லை. கைப்பையை எடுத்தார். "ஸ்கூட்டியை எடும். வீட்டை போய்ப் பாப்பம்." போகிற வழியில், ஓரங்கள் வெட்டுப்பட்ட கதையை அவரிடம் சொன்னேன்.

ஐயாவின் வீட்டு முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டாயிற்று. கதவு பூட்டு. ஐம்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று, எத்தனை மணிக்குத் தகனம் என்று சொன்னால் அறிவித்தலைத் தொடங்கலாம் என்று காத்து நின்றது. வயதான ஓர் அம்மா வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு, "என்ரை அண்ணை, எங்களை விட்டிட்டுப் போனியே," என்று தொடங்கியிருந்தார்.

அந்த நேரம் இன்னோர் ஓட்டோ வந்து நின்றது. மகாலிங்கம் ஐயா இறங்கினார். கறுப்புக்கண்ணாடி போட்டிருந்தார். கண்ணில் வெண்படலம் எடுக்கும் சத்திரசிகிச்சையை ஊருக்குச் சொல்லாமல் செய்துவிட்டு வர நினைத்திருக்கிறார். சொன்னால் பார்க்க வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றியே மனைவி களைத்துப்போவார் என்ற எண்ணம்.

படலையடி அம்மா பாதி வரியில் நிறுத்தினார். ஐயா முற்றத்தையும் கதிரைகளையும் கொடிகளையும் மெதுவாகப் பார்த்தார்.

"ஆர் செத்தது?" என்று கேட்டார்.

 கூட்டத்திலிருந்து யாரோ, "நீங்கள்தான்," என்றார்கள்.

அவருடைய மனைவி அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார், உறுதிப்படுத்திக்கொள்பவர் போல. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நேற்று முழுக்க நான் தாலியறுத்தவளாய் இருந்திருக்கிறன். எனக்கெண்டாலும் ஒருத்தர் சொல்லியிருக்கலாம்," என்றார்.

நான் முன்னே போய் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் புஷ்பராணி அக்கா எனக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

"அண்ணை, பிழை என்ரை. வாசிகசாலை ரீவியிலை உங்களை நல்ல வாசகர் எண்டு போட்டது, அரைவாசி வெட்டுப்பட்டு அஞ்சலி மாதிரி வந்திட்டுது. நான்தான் பாத்துச் சரியெண்டு விட்டனான்."

திரையில் போடும் முன் அவர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். பின்னால் நின்ற என் கண்ணிலிருந்து வந்த தண்ணீர் அப்போது பயத்தினால் வந்தது அல்ல.

ஐயா கதிரையில் இருந்து கொஞ்சம் யோசித்தார். "அதை நான் பாக்கோணும்," என்றார்.

அவர் நடந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். முற்றத்தில் நின்ற ஐம்பது பேரும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் பின்னால் வந்தார்கள். ஒலிபெருக்கி ஓட்டோவும் சும்மா வந்தது. வெள்ளைக்கொடிகளுக்கு நடுவே, இறந்தவரே முன்னால் நடந்த அந்த ஊர்வலம் நூலகத்தை அடைந்தபோது, வாசலில் செயலாளர் நின்றார். யன்னலைப் பார்த்துவிட்டு, திறப்புவிழாப் பேச்சை இரங்கல் உரையாக மாற்றித் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். ஐயாவைக் கண்டதும் அவருடைய பேனை நின்றுவிட்டது.

என்ன நடந்தது என்று அக்கா சொல்லச் சொல்லச் செயலாளரின் முகம் கறுத்தது. "உதைக் கழட்டி உள்ளை வையுங்கோ. ஆர் உந்த வேலையைச் செய்தது?" என்றார். நான் கையை உயர்த்தினேன். என் நியமனக் கடிதம் காற்றில் பறந்து போவதை மனக்கண்ணில் பார்த்தேன்.

மகாலிங்கம் ஐயா இதைக் காதில் வாங்காதவர் போல நின்றார். அவர் கறுப்புக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் வந்தது, நூல்கள் வந்தன, அவர் வந்தார். வாய்விட்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். ஒரு சுற்று முடிந்து இரண்டாம் சுற்றும் பார்த்தார்.

"புதுக்கண்ணாலை முதன்முதல் வாசிச்சது இதுதான்," என்றார். "எழுத்து வடிவாத் தெரியுது."

பிறகு திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "நீங்கள் எல்லாரும் இதைப் பாத்தே வந்தனீங்கள்?"

"ஓம்," என்றது கூட்டம்.

"செயலாளர் தம்பி," என்றார் ஐயா. "போன வருசம் என்ரை பழைய சைக்கிள் துலைஞ்சு, அந்தப் பலகையிலை நாலு மாதம் எழுதி ஒட்டிக் கிடந்தது. ஒரு சனமும் பாக்கேல்லை. இந்தப் பெட்டி ஒரே நாளிலை கனடா வரைக்கும் சொல்லிப்போட்டுது. இதைக் கழட்டாதேங்கோ. பிள்ளை கெட்டிக்காரி. ஓரத்தை மட்டும் பாத்துப் போடட்டும்."

முதலில் சிரித்தவர் செல்வம். பிறகு எல்லாரும். கடைசியாகச் செயலாளர், அதுவும் வாயை மூடிக்கொண்டு.

திறப்புவிழா நடந்தது. எங்கள் நூலக வரலாற்றில் அவ்வளவு கூட்டம் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. நாடாவை மகாலிங்கம் ஐயாவே வெட்டினார். வந்தவர்கள் வந்ததுதான் வந்தோம் என்று அங்கத்துவப் படிவம் கேட்டார்கள். மேசை லாச்சியில் இருந்த படிவங்கள் முடிந்துபோயின. அடுத்த கதை நேரத்துக்குப் பாய் போதவில்லை. படலையில் அழுத அம்மா இரண்டு பேரப்பிள்ளைகளோடு வந்து முன்வரிசையில் இருந்தார்.

என் நியமனம் நிரந்தரமானது. இப்போது நான் மற்ற ஊர் நூலகங்களுக்கும் போய், பழைய தொலைக்காட்சியில் குறைந்த செலவில் திரை அமைப்பது எப்படி என்று காட்டிக்கொடுக்கிறேன். நான்கு பக்கமும் நிறைய இடம் விடுங்கள், போட்டபின் வீதிக்கு இறங்கி நின்று ஒரு சுற்று முழுவதும் பாருங்கள் என்பேன். ஏன் என்று யாராவது கேட்டால் கதையைச் சொல்வேன். புஷ்பராணி அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். அன்று ஏன் பழியை ஏற்றார் என்று ஒருநாள் கேட்டேன். "நீர் அழுதால் ஆரும் உம்மடை கதையைக் கேக்கமாட்டினம். அதுதான் நான் கதைச்சனான்," என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார். அந்த ஒரு வசனத்துக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

என் கணவரிடம் இந்தக் கதையைக் கலியாணத்துக்கு முன்பே சொன்னது தவறு. அவர் வேலையால் வரப் பிந்தி, நான் பதறிப்போய் மூன்று நான்கு தடவை அழைத்தால், எடுத்தவுடன் வணக்கமும் இல்லை, எங்கே நிற்கிறார் என்ற விபரமும் இல்லை.

"இருக்கிறன்," என்பார். "ரீவியிலை போட்டிடாதையும்."